ஒன்பதரைக்குப் பிறகு நாலு தரம்

அத்தியாயம் 17

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு நெல்லியடியில் இருந்து அழைப்பு வந்தபோது துஷாந்தினி கைப்பையைக்கூட மேசையில் வைத்திருக்கவில்லை.

யாழ்ப்பாண நகரத்தில், கீழே புடவைக்கடையும் மேலே பல் வைத்தியரும் இருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது அவள் வேலை செய்யும் கணினிச் சேவை நிறுவனம். பல ஊர்க் கந்தோர்களின் கணினிகளை இங்கிருந்தே பார்த்துப் பழுது நீக்குவது அவர்களுடைய தொழில். அந்தக் கந்தோர்களில் ஒன்றுதான் ‘நீலதரங்கம்’. படகு எஞ்சின்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும் விற்கும் கொழும்பு நிறுவனம். அதன் நெல்லியடிக் கிளையில், கிளை திறந்த நாளிலிருந்து களஞ்சியப் பொறுப்பாளராக இருப்பவர் துஷாந்தினியின் அப்பா கனகரத்தினம்.

போன வாரம் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து நெல்லியடிக் களஞ்சியத்தில் சாமான் அடுக்கும் இறாக்கைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கனகரத்தினம் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். அதைக் கேட்ட துஷாந்தினி, “அப்பாவுக்குப் பதவி உயர்வு வரப்போகுது போலக் கிடக்கு” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். அம்மா மகாதேவி அன்றைக்கே அயலட்டை எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

இன்று அழைத்தது அந்தக் கிளையின் முன் மேசையில் இருக்கும் சுவர்ணா.

“துஷா, சுவர்ணாக்கா கதைக்கிறன். உள்ளுக்குப் போகேலாமல் கிடக்கு. பாஸ்வேட் பிழை எண்டு சொல்லுது.”

“திரையிலை ஆற்றை பேர் நிக்குது அக்கா?”

“பேரோ? பொறு, கண்ணாடியைப் போடுறன். சப்போட் எண்டு நிக்குது.”

“அது நான்தான். நேற்றுப் பின்னேரம் நீங்கள் எல்லாரும் போனாப்பிறகு இஞ்சையிருந்து றிமோட்டிலை வந்து வேலை செய்தனான். கடைசியா வந்த ஆளின்ரை பேர் அப்பிடியே நிண்டிடும். என்ரை பேருக்கு உங்கடை பாஸ்வேட்டை அடிச்சால் அது விடுமே? கீழை இடப்பக்கம் ‘அதர் யூசர்’ எண்டு கிடக்கும். அதை அமத்திப்போட்டு உங்கடை பேரை முதலிருந்து அடியுங்கோ.”

விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. பிறகு சுவர்ணா ஒரு பெருமூச்சு விட்டாள். “வந்திட்டுது. நான் என்ரை விரலைத்தான் ஏசிக்கொண்டு நிண்டனான்.”

அடுத்தது பில் போடும் கணினி. யாரோ ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள் என்று அது மறித்தது. உள்ளே இருந்தது துஷாந்தினியேதான். நேற்று மாலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், முறையாக வெளியேறாமல் தன் கணினித் திரையில் இருந்த சாளரத்தை மட்டும் மூடிவிட்டுப் போயிருந்தாள். சாளரத்தை மூடினால் இங்கே திரை மறையுமே தவிர அங்கே ஆள் இருந்தபடியே இருக்கும். தன்னைத்தானே வெளியே அனுப்பிவிட்டு, தலையில் ஒரு குட்டுப் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது இருபதுக்கு மூன்றாவது அழைப்பு.

“பிள்ளை, நான் அப்பா கதைக்கிறன்.”

கந்தோர் தொலைபேசியில் எடுத்தால் அவர் எப்போதும் இப்படித்தான் தொடங்குவார். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

“உங்களுக்கும் சப்போட் எண்டு நிக்குதோ அப்பா?”

“நிண்டது. சுவர்ணாவுக்கு நீ சொன்னதைக் கேட்டு நான் அதை மாத்திப்போட்டன். இப்ப என்ரை பேர்தான் கிடக்கு. அப்பவும் பிழை எண்டுதான் சொல்லுது.”

“நேற்று அடிச்ச அதே பாஸ்வேட் தானே?”

“அதேதான். உனக்கும் சொல்லக்கூடாது எண்டு நீதான் சொல்லித் தந்தனீ. அதாலை சொல்லமாட்டன்.” அவர் சிரித்தார்.

துஷாந்தினியும் சிரித்துக்கொண்டே சேவரில் அவருடைய கணக்கைத் திறந்தாள். பலமுறை பிழையாக அடித்ததால் பூட்டுப்பட்டிருக்கும், திறந்துவிட்டால் சரி என்று நினைத்தாள். பூட்டுப்படவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு வரி மட்டும் இடித்தது. கடவுச்சொல் கடைசியாக மாற்றப்பட்டது: இன்று, காலை 8.40.

எட்டு நாற்பதுக்கு அப்பா உடுப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்திருப்பார்.

மாற்றியவர் பெயரைப் பார்த்தாள். பிரணவன். அவளுடைய நிறுவனத்தின் முதலாளி. கீழே ஒரு வேலைக் குறிப்பு இருந்தது. இதுபோன்ற குறிப்புகளை அவள் எத்தனையோ பேருக்காக வாசித்திருக்கிறாள். இன்னாரின் அனுமதிகளை நீக்குக, இன்னாரின் கோப்புகளைக் கொழும்புக்கு மாற்றுக. இதில் எழுதியிருந்தது: கே. கனகரத்தினம், நெல்லியடி. இன்றுடன் சேவை முடிவுறுத்தப்படுகிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கிளை முகாமையாளர் கடிதத்தைக் கையளிப்பார். அதுவரை எவருக்கும் தெரிவிக்க வேண்டாம்.

சுவர் மணிக்கூடு ஒன்பதரையைக் காட்டியது.

“என்ன பிள்ளை, லைன் வெட்டுப்பட்டிட்டுதோ?”

“இல்லை அப்பா. நிக்கிறன்.”

“என்னவாம்?”

என்ன சொல்வது? வாய்க்கு வந்தது தொழில்தான். “முதல் எழுத்துப் பெரிசோ சின்னனோ எண்டு பாத்து, திரும்ப ஒருக்கா அடியுங்கோ.”

அவர் அடித்தார். “பிழையாம்.”

“வலப்பக்கத்திலை கிடக்கிற இலக்கங்களை விட்டிட்டு மேலை கிடக்கிற இலக்கங்களிலை அடிச்சுப் பாருங்கோ.”

“அதுவும் பிழையாம்.”

“ஒருக்கா மெசினை நிப்பாட்டிப்போட்டுப் போடுங்கோ.”

இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. கணினி எழும்பியது. அடித்தார். பிழை.

“ஆறுதலா, ஒவ்வொரு எழுத்தா அடியுங்கோ அப்பா.”

அவர் இந்த முறை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு அடித்தார். பிறகு விசைப்பலகையைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. சொல்லாமலே அவளுக்கு விளங்கியது.

“சரி அப்பா, நீங்கள் வேறை வேலையைப் பாருங்கோ. நான் இஞ்சை பாத்திட்டு எடுக்கிறன்.”

“ஓம், ஓம். நீ பதறாதை. களஞ்சியத்திலை கையாலை எழுதலாம். ஒரு நாளிலை என்ன குடிமுழுகிப் போகுது?”

தொலைபேசியை வைத்ததும் துஷாந்தினி நேரே பிரணவனின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

“உம்மட்டை அந்த வேலை வரக்கூடாது எண்டுதான் வெள்ளன வந்து நானே மாத்தினனான்.”

“பாஸ்வேட்டை மாத்தினால் அவர் ஆருக்குப் போன் அடிச்சுக் கேப்பார் எண்டு யோசிக்கேல்லையோ?”

பிரணவன் யோசிக்கவில்லை. அது அவனுடைய முகத்திலேயே தெரிந்தது. கெட்டவன் இல்லை அவன். முப்பத்தைந்து வயதில் ஒரு நிறுவனத்தைக் கட்டி எழுப்பி, ஒவ்வொரு மாதமும் அது நிற்குமா விழுமா என்று பயந்துகொண்டிருப்பவன்.

“மூண்டு மணிவரை பொறுத்துக்கொள்ளும் துஷாந்தினி. அவையின்ரை ஒப்பந்தத்திலை கிடக்கு, இப்பிடியான விசயத்தை நாங்கள் வாய் விடக்கூடாது. ஒப்பந்தம் போனால் இஞ்சை பதினொரு பேரும் வீட்டை போகவேண்டியதுதான்.”

“ஏன் அவரை நிப்பாட்டினம்? என்ன பிழை செய்தவர்?”

“பிழை ஒண்டுமில்லை.” அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நீர் மாசி மாதம் எழுதின அறிக்கைதான். அதைத்தான் கொழும்பிலை எடுத்தவை.”

“என்ரை அறிக்கையோ?”

அந்த அறிக்கை. நெல்லியடிக் களஞ்சியத்தின் பதிவுகளைக் கொழும்பிலிருந்தே றிமோட்டில் பார்க்கலாமா, அப்படிப் பார்த்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று ஆராய்ந்து எழுதச் சொன்னார்கள். அவள் எழுதிய முதலாவது பெரிய வேலை அது. மூன்று பின்னேரங்கள் வீட்டு மேசையில் அப்பாவை இருத்தி வைத்துக் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை பதிவு? ஒரு பதிவுக்கு எத்தனை நிமிடம்? எது கட்டாயம் கையால் செய்யவேண்டியது? கனகரத்தினம் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி யோசித்து, குறைத்தும் சொல்லாமல் கூட்டியும் சொல்லாமல் பதில் சொன்னார். எழுதி முடித்ததும் வாசித்துப் பார்த்து, இரண்டு ஆங்கிலப் பிழையைத் திருத்தியும் தந்தார். ‘களஞ்சியத்தில் ஒருவருடைய வேலை நேரத்தில் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் மிச்சமாகும்’ என்று கடைசிப் பக்கத்தில் எழுதியபோது அவள் நினைத்தது ஒன்றுதான். அப்பா இனி வெள்ளன வீட்டுக்கு வரலாம்.

அவள் தன்னுடைய மேசைக்குத் திரும்பினாள். வேறு அழைப்புகள் வந்தன. சாவகச்சேரியில் ஒருவருக்கு அச்சு இயந்திரம் வேலை செய்யவில்லை. அவருக்கு என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை.

பதினொரு மணிக்கு அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. அப்பா. இந்த முறை கந்தோர்த் தொலைபேசியில் இல்லை. தன்னுடைய தொலைபேசியில், குரலைத் தாழ்த்திக் கதைத்தார். பின்னால் வாகனச் சத்தம் கேட்டது. வெளியே றோட்டுக்கு வந்து நிற்கிறார்.

“பிள்ளை, ஒண்டு கேக்கிறன். நீ அம்மாவுக்குச் சொல்லக்கூடாது.”

“சொல்லுங்கோ அப்பா.”

“அந்தப் பாஸ்வேட்டை நான் மறந்துபோனன் போல. அதுதான் எண்டு நெஞ்சு சொல்லுது. ஆனால் அதில்லை. ஒரு கடதாசியிலை வேறை வேறை மாதிரி எழுதி எழுதிப் பாத்தன். ஒண்டும் சரிவரேல்லை.” கொஞ்சம் நிறுத்தினார். “பெரியண்ணைக்கும் இப்பிடித்தான் துவங்கினது. முதல் சாவியை எங்கை வைச்சது எண்டு மறந்தார். பிறகு ஆஸ்பத்திரியிலை என்னைப் பாத்து, நீர் ஆர் தம்பி எண்டு கேட்டவர். எனக்கும் அது வந்திட்டுதோ பிள்ளை?”

துஷாந்தினி வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிரணவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும் தலையைக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

“உங்களுக்கு ஒண்டும் இல்லை அப்பா. நான் அங்கை வாறன்.”

“நீ ஏன் மினக்கெட்டு...”

“வாறன்.”

பிரணவனிடம் அவள் அனுமதி கேட்கவில்லை. கூட வேலை செய்யும் டிலக்ஷியிடம் ஸ்கூட்டரின் திறப்பை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். கோப்பாய், நீர்வேலி, புத்தூர். பாதை தெரிந்த பாதைதான். வல்லை வெளிக்கு வந்ததும் காற்றுப் பக்கவாட்டில் அடித்து ஸ்கூட்டரைத் தள்ளியது. அந்த வெளியில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால் பாலம் தாண்டும்வரைக்கும் வாய்விட்டு அழுதாள். நெல்லியடிச் சந்திக்கு முன்னால் நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சுவர்ணா முன் மேசையில் இருந்தாள். துஷாந்தினியைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தாள்.

“நல்லகாலம் வந்திட்டாய். அண்ணை காலமை தொடக்கம் ஒரு மாதிரி இருக்கிறார். என்னட்டை வந்து, ‘சுவர்ணா, நான் இப்ப கொஞ்சக் காலமா ஏதும் மறந்து மறந்து கதைக்கிறனோ?’ எண்டு கேட்டவர். எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை.”

களஞ்சியம் பின்பக்கம். கனகரத்தினம் கணினிக்கு முன்னால் கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கடதாசி. அவருடைய அழகான கையெழுத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பதினைந்து, பதினாறு சொற்கள். ஒவ்வொன்றும் ஒரே கோட்டால் வெட்டப்பட்டிருந்தது. மகளைக் கண்டதும் அந்தக் கடதாசியைக் கையால் மூடினார்.

“உதைப் பாக்காதை. அதுக்குள்ளை சரியானதும் இருக்கும்.”

அவள் கதவைச் சாத்தினாள். மூன்று மணிக்கு இன்னும் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. ஒரு எஞ்சின் பெட்டிக்கு மேல் அவருக்கு எதிரே இருந்தாள்.

“அப்பா, உங்களுக்கு மறதி இல்லை. நீங்கள் அடிச்சது சரியான பாஸ்வேட்தான். அதை மாத்திப்போட்டினம்.”

“ஆர் மாத்தினது?”

“எங்கடை கந்தோரிலையிருந்துதான். காலமை எட்டு நாப்பதுக்கு.”

“ஏன்?”

அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. கனகரத்தினம் கணினித் திரையைப் பார்த்தார், இறாக்கைகளைப் பார்த்தார், போன வாரம் அவற்றைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். கையில் இருந்த பேனையின் மூடியை மெதுவாகப் போட்டார்.

“என்னை நிப்பாட்டுகினமோ?”

“ஓம் அப்பா. மூண்டு மணிக்குக் கடிதம் தருவினம்.”

அவர் தலையை ஆட்டினார். முதலில் அவருடைய முகத்தில் வந்தது ஆறுதல்தான். தனக்கு மறதி இல்லை என்ற ஆறுதல். அந்த ஆறுதல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் ஏதோ கணக்குப் பார்ப்பவர்போல நெற்றியைச் சுருக்கினார்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“காலமை.”

“காலமை எத்தினை மணிக்கு?”

“ஒன்பதரைக்கு.”

வெளியே யாரோ வாடிக்கையாளர் சுவர்ணாவோடு பேரம் பேசும் சத்தம் கேட்டது.

“ஒன்பதரைக்குப் பிறகு நீ என்னை நாலு தரம் அடிக்கச் சொன்னனீ பிள்ளை.”

கோபமாகச் சொல்லவில்லை. சாமான் குறைந்திருப்பதைக் கண்டு ஒருமுறை எண்ணிச் சொல்பவர் போலச் சொன்னார்.

“அப்பா, எனக்கு என்ன செய்யிறதெண்டு...”

“கடைசித் தரம் ஒவ்வொரு எழுத்தா அடிக்கச் சொன்னனீ. நான் ஒவ்வொரு எழுத்தையும் வாயாலை சொல்லிச் சொல்லி அடிச்சனான்.” அவர் கடதாசியை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அப்ப பெரியண்ணையின்ரை முகம்தான் கண்ணுக்கு முன்னாலை நிண்டது.”

துஷாந்தினி அவருடைய முழங்காலில் கையை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை.

“நீ வெளியிலை போய் இரு. நான் சாப்பிடோணும். அம்மா கட்டித் தந்தது.”

மூன்று மணிக்குக் கிளை முகாமையாளர் கஜீவன் அவரைக் கூப்பிட்டான். அறைக்குள் போய் ஐந்து நிமிடத்தில் கனகரத்தினம் வெளியே வந்தார், ஒரு நீளக் கடித உறையோடு. பின்னால் வந்த கஜீவனுக்கு முகம் சிவந்திருந்தது. “மேலிடத்து முடிவு அண்ணை. என்ரை கையிலை ஒண்டும் இல்லை” என்று இரண்டு தரம் சொன்னான். பிறகு துஷாந்தினியைப் பார்த்து, அவள் வந்ததும் நல்லதாகப் போய்விட்டது, அப்பாவின் கணினியில் இருப்பவற்றை அவளே எடுத்து அனுப்பிவிடலாமே என்று தொடங்கினான்.

“அதை வேறை ஆரும் செய்யட்டும்” என்றார் கனகரத்தினம். அன்று முழுவதும் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

சுவர்ணா அழுதாள். அவர் அவளிடம் கிரீஸ் டின்கள் மூன்றாம் இறாக்கையின் அடியில் இருக்கின்றன, வெயில் படவிடவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் எடுத்துக்கொண்டார். சுவரில் இருந்த முருகன் படத்தை எடுக்கவா விடவா என்று ஒரு கணம் நின்றார். விட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போகும்போது அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். அவள் ஸ்கூட்டரில் பின்னால். மற்ற நாட்களில் என்றால் கண்ணாடியில் மகள் வருகிறாளா என்று அடிக்கடி பார்ப்பார். வல்வெட்டித்துறை தாண்டி, கடலோரத்தால் தொண்டைமானாற்று வீட்டுக்கு வரும்வரைக்கும் அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நாலே காலுக்கு இருவரும் ஒன்றாக வந்து இறங்குவதைக் கண்ட மகாதேவி, கையில் இருந்த விளக்குமாறோடு படலைக்கு ஓடிவந்தாள்.

“என்ன, அப்பாவும் மேளும் சோடியா? அந்தப் பதவி உயர்வு விசயமோ? எனக்குக் காலமையிலிருந்து வலக்கண் துடிச்சது!”

வலக்கண் துடித்தால் பெண்களுக்கு நல்லதில்லை என்பதை அவள் சந்தோசத்தில் மறந்துவிட்டாள். தேத்தண்ணி வைக்க உள்ளே போகப்போனவளைக் கனகரத்தினம் தடுத்தார்.

“இரும் மகாதேவி. ஒரு கடிதம் கிடக்கு.”

மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். அறிக்கைக்காக அவரும் மகளும் மூன்று பின்னேரம் இருந்த அதே மேசை. அவர் உறையைப் பிரித்துக் கடிதத்தை மகளிடம் நீட்டினார்.

“இங்கிலீசிலை கிடக்கு. அம்மாவுக்கு விளங்கிற மாதிரித் தமிழிலை வாசி.”

கனகரத்தினத்துக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கஜீவனின் அறையிலேயே கடிதத்தை வாசித்திருப்பார் என்பது துஷாந்தினிக்குத் தெரியும். அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் யன்னலுக்கு வெளியே, ஆற்று வாயில் கட்டியிருந்த வள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாம் பந்தியை வாசித்தாள். உங்களுடைய நீண்டகாலச் சேவைக்கு நிறுவனம் நன்றி தெரிவிக்கிறது. உங்கள் சேவை இன்றுடன் முடிவுக்கு வருகிறது.

மகாதேவியின் கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. “என்ன சொல்லுறாய்? முடிவுக்கு வருகுது எண்டால்? ஆருக்கு?”

“எனக்குத்தான். பொறும், பிள்ளை வாசிக்கட்டும்” என்றார் அவர்.

இரண்டாம் பந்தி. துஷாந்தினிக்கு எழுத்துக்கள் கலங்கின. இந்தப் பந்தியை விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போய்விட்டால் அம்மாவுக்கு ஒருகாலமும் தெரியப்போவதில்லை. காலையில் ஒன்பதரை மணிக்கு உண்மையை விட்டுவிட்டு வேறு எதையோ சொன்ன அதே வாய். அவள் அதையும் வாசித்தாள்.

“வெளியார் ஒருவரைக்கொண்டு மாசி மாதம் செய்வித்த ஆய்வு அறிக்கையின்படி, நெல்லியடிக் களஞ்சியத்தின் வேலைகளைக் கொழும்பிலிருந்தே செய்யலாம் எண்டும், அங்கை ஒரு முழுநேர ஆள் தேவையில்லை எண்டும் எங்களுக்குத் தெரியவருகுது.”

மகாதேவி கணவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எதற்கும் அவளுக்கு முதலில் வருவது கோபம்தான்.

“தேவையில்லையோ? அந்தக் கந்தோர் திறந்த நாள் தொடக்கம் ஒரு நாள் காய்ச்சல் எண்டு படுத்திருப்பாரோ இந்த மனிசன்? ஆர் அந்த அறிக்கையை எழுதினது?”

துஷாந்தினி கடிதத்தை மேசையில் வைத்தாள். “அம்மா...”

“கொழும்பிலை ஆரோ ஒரு ஆள்” என்றார் கனகரத்தினம்.

அவர் யன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொன்ன விதத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அவள் மறுபடி வாயைத் திறந்தபோது, மேசைக்குக் கீழே அவருடைய கை வந்து அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. களஞ்சியத்தில் அவள் நீட்டியபோது பிடிக்காத கை. வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். அது பாசமா, பேசாதே என்ற கட்டளையா, மன்னிப்பா, மன்னிக்கமாட்டேன் என்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஆரோவோ? ஆளுக்குப் பேர் இல்லையோ?” மகாதேவி எழும்பிவிட்டாள். “கண்ணாலை காணாத ஒருத்தன் கொழும்பிலை இருந்து எழுதுவானாம், இஞ்சை ஒரு குடும்பத்தின்ரை தலையிலை கல்லு விழுமாம். உந்த மனேச்சரைக் கேட்டால் தெரியும்தானே? நாளைக்கு முதல் பஸ்ஸிலை நான் நெல்லியடிக்குப் போறன். அந்த ஆளின்ரை பேரைக் கேட்டு அறியாமல் நான் வீட்டுக்குத் திரும்பமாட்டன்.”

“மகாதேவி, விடும்.”

“நீங்கள் பேசாமல் இருங்கோ. நீங்கள் இளநீர் வெட்டிக் குடுக்கத்தான் சரி.” அவள் கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்துகொண்டு மகளிடம் திரும்பினாள். “பிள்ளை, நீ நாளைக்கு லீவு போடு. உனக்குத்தான் அங்கை எல்லாரையும் தெரியும். இங்கிலீசிலை ஏதும் சொன்னால் எனக்கு விளங்கப்படுத்தவும் ஆள் வேணும். வருவாய்தானே என்னோடை?”

மேசைக்குக் கீழே அப்பாவின் பிடி தளரவில்லை.

“வாறன் அம்மா” என்றாள் துஷாந்தினி.